ஏஎஃப்எல் டிராஃப்ட்டுக்கு வரும் பையனை மதிப்பிடுவது எப்படி?

ஏஎஃப்எல் என்பது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் உயர்மட்ட லீக். ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் அதன் தேசிய டிராஃப்ட்டில், அதாவது கிளப்புகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், கிளப்புகள் எடுப்பது பெரும்பாலும் 18 வயதுப் பையன்களை. இன்று அவன் எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்பது கேள்வியில் பாதிதான். 22, 23 வயதில், முழுதாக வளர்ந்த ஆண்களுக்கு நடுவே, மெல்போர்ன் எம்சிஜி மாதிரி பெரிய மைதானத்தில் என்ன செய்வான்? அதை இன்றைய ஆட்டத்திலிருந்து ஊகித்தாக வேண்டும். மதிப்பீட்டின் வேலை அதுதான்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்று: பந்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பந்து கிடைத்ததும் பையன் செய்ததை நினைவில் வைத்துக்கொள்வார்கள். அது ரசிகர் பார்க்கும் முறை. நீங்கள் பையனை மட்டும் பாருங்கள். பந்து அவனிடம் வருவதற்கு முந்தைய மூன்று விநாடியும், பந்து அவனை விட்டுப் போன பிந்தைய ஐந்து விநாடியும்தான் அவனைப் பற்றி அதிகம் சொல்லும். இணையத்தில் சுற்றும் ஹைலைட்ஸ் காணொளிகளில் அந்த எட்டு விநாடியும் வெட்டப்பட்டிருக்கும்.

போவதற்கு முன்: பிறந்த தேதியும் ஆடும் இடமும்

டிராஃப்ட் நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 18 வயது நிரம்ப வேண்டும் என்பது விதி. அதனால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே டிராஃப்ட்டில் நிற்பார்கள். இருவருக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி. 17 வயதில் ஒரு வருடம் என்பது தோளிலும் தொடையிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். முதல் வரியாகப் பிறந்த மாதத்தை எழுதுங்கள். போன வருடமே இந்தப் போட்டியில் ஆடினானா, அல்லது ஏற்கெனவே ஒரு டிராஃப்ட்டில் யாரும் எடுக்காமல் 19 வயதில் திரும்ப வந்திருக்கிறானா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது இதைவிட முக்கியம். 15 வயதிலேயே ஆண் உடம்பு வந்துவிட்ட பையன் 16, 17 வயதுப் போட்டிகளில் எல்லோரையும் தள்ளிவிட்டுப் பந்தை எடுப்பான். மற்றவர்கள் வளர்ந்து அவனை எட்டியதும் அந்தச் சாதகம் காணாமல் போகும். இதற்கு நேர்மாறாக, ஒரே வருடத்தில் எட்டு, பத்து சென்டிமீட்டர் உயர்ந்தவன் தடுமாறுவான்; குனிந்து பந்தை அள்ள முடியாது, ஓட்டத்தில் காலும் கையும் ஒத்துவராது. அது திறமைக் குறைவு இல்லை. பெற்றோர், அண்ணன்களின் உயரம், போன வருடப் படங்கள் இவற்றைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

அடுத்தது, எங்கே ஆடுகிறான் என்பது. விக்டோரியாவில் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கோட்ஸ் டேலண்ட் லீக். பழைய ஆட்கள் இன்னும் டிஏசி கப் என்பார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் மாநில லீக்கான எஸ்ஏஎன்எஃப்எல்லின் 18 வயதுக்குட்பட்டோர் போட்டி, அதற்கு மேல் ரிசர்வ்ஸ் (இரண்டாம் அணி), அதற்கும் மேல் பெரியவர்களின் லீக் ஆட்டம். மேற்கு ஆஸ்திரேலியாவில் மாநில லீக்கான டபிள்யூஏஎஃப்எல்லின் கோல்ட்ஸில் (இளையோர் அணி) தொடங்கி அதே படிகள். பெரியவர்களோடு ஆடிய ஒரு முழு லீக் ஆட்டம், வயதொத்தவர்களோடு ஆடிய ஐந்து ஆட்டங்களை விட அதிகம் சொல்லும். 2021 டிராஃப்ட்டின் முதல் தேர்வான ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் அந்த ஆண்டு சவுத் அடிலெய்டு கிளப்புக்காகப் பெரியவர்களோடு மோதி ஆடியவர்.

விக்டோரியாவின் தனியார் பள்ளிகளில் படிக்கும் பையன்கள் குளிர்காலத்தில் பள்ளிக்காக ஆடுவார்கள். அவர்களுடைய டேலண்ட் லீக் ஆட்டங்கள் கைவிரலில் எண்ணுமளவுக்கே இருக்கும். அதைக் குறையாக எடுக்காதீர்கள். பள்ளி ஆட்டத்துக்கே போய்ப் பாருங்கள். ஓக்லி சார்ஜர்ஸ், சாண்ட்ரிங்ஹாம் டிராகன்ஸ் போன்ற நகர அணிகளில் திறமைசாலிகள் குவிந்திருப்பார்கள்; அங்கே நடுக்களத்தில் ஆடுபவனுக்குப் பந்து சுலபமாக வந்து சேரும். பென்டிகோ பயனியர்ஸ், மரே புஷ்ரேஞ்சர்ஸ் போன்ற நாட்டுப்புற அணிகளின் பையனுக்கு வாரநாள் பயிற்சிக்கே நீண்ட தூரம் காரில் போக வேண்டியிருக்கும். தோற்கும் அணியின் தடுப்பாட்டக்காரனுக்கு நாள் முழுக்க வேலை இருக்கும். அதே அணியின் முன்கள வீரன் பந்தைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். எண்களைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

விக் மெட்ரோ, விக் கன்ட்ரி, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, மற்ற மாநிலங்களும் பிரதேசங்களும் சேர்ந்த அலைஸ் ஆகியவை மோதும் தேசிய 18 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப்தான் வயதுப் பிரிவில் உயர்ந்த தரம். அதன் சிறந்த வீரருக்கு லார்க் பதக்கம். ஆனால் அங்கே பையனை வழக்கமில்லாத இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பழக்கமில்லாத இடத்தில் அவன் எவ்வளவு சீக்கிரம் பொருந்துகிறான் என்பதும் பயனுள்ள தகவல்தான்.

மைதானத்தில் எங்கே நிற்பது

குறைந்தது நான்கு முழு ஆட்டங்கள். ஒன்று அவன் அணி வென்றது, ஒன்று தோற்றது, ஒன்று மழையில், ஒன்று வழக்கத்தைவிட உயர்ந்த தரத்தில். நான்கையும் நேரில் பார்க்க முடியாவிட்டால் இரண்டையாவது பாருங்கள். ஒளிபரப்புக் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். பந்து 70 மீட்டர் தள்ளி இருக்கும்போது பையன் நடக்கிறானா, எதிராளியின் தோளைப் பார்த்து இடம் மாற்றுகிறானா என்பது அதில் தெரியாது.

ஆட்டம் தொடங்க 40 நிமிடம் முன்பே போய்விடுங்கள். வார்ம்-அப்பில் எந்தக் காலால் உதைக்கிறான், பலவீனமான காலைப் பயன்படுத்தச் சொல்லாமலேயே பயன்படுத்துகிறானா என்று பாருங்கள். முன்களம், பின்களம் ஆடுகிறவனைக் கோல் கம்பங்களுக்குப் பின்னால் சற்று உயரமான இடத்திலிருந்து பார்ப்பது நல்லது. அவன் எந்தக் கோணத்தில் ஓடத் தொடங்குகிறான் என்பது அங்கிருந்துதான் தெரியும். மிட்ஃபீல்டர் என்றால் மைதானத்தின் நடுப்பக்கம், உயரத்தில். ஒரு குவார்ட்டரை மட்டும் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். அவன் குரல் கேட்கும். பேசுகிறானா, சக வீரர்களை இடம் மாற்றுகிறானா, தவறு செய்தவனைத் திட்டுகிறானா, தட்டிக்கொடுக்கிறானா என்பது கேட்டால்தான் தெரியும்.

நோட்டில் அடைமொழிகள் வேண்டாம். “அருமையான உதை”, “நல்ல உழைப்பாளி” என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. கண்ட செயலை எழுதுங்கள். ஒரு மாதிரிக் குறிப்பு (ஸ்டாப்பேஜ்: ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும் இடம்; ரக்: அங்கே பந்தைத் தட்டிவிடும் உயரமான வீரர்; டேக்கிள்: பந்து வைத்திருப்பவனைப் பிடித்து நிறுத்துவது; ஹேண்ட்பால்: பந்தைக் கைமுட்டியால் தட்டிக் கொடுப்பது; 50 மீட்டர் வளைவு: கோலிலிருந்து 50 மீட்டரில் வரைந்த கோடு):

“2ஆம் குவார்ட்டர், 11ஆம் நிமிடம். ஸ்டாப்பேஜ், நம் 50 மீட்டர் வளைவுக்கு வெளியே. ரக் தட்டுவதற்கு முன் இரண்டு முறை தலையைத் திருப்பினான். பந்து முழங்காலுக்குக் கீழே வந்தது, ஒரே பிடியில் எடுத்தான். டேக்கிள் வலப்பக்கமிருந்து. வலக்கை சிக்கியது, இடக்கையால் ஹேண்ட்பால், 6 மீட்டர், ஓடுபவன் நெஞ்சுக்கு. விழுந்து எழுந்து மீண்டும் ஓடினான். அடுத்த உதைக்கு ஆளாக நின்றான்.”

இப்படி ஒரு ஆட்டத்துக்கு 15, 20 குறிப்பு போதும். மதிப்பெண்ணை அன்று இரவே போடாதீர்கள். மறுநாள் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டுப் போடுங்கள். கடைசிக் குவார்ட்டரில் அடித்த ஒரு கோல் முந்தைய மூன்று குவார்ட்டரையும் மறைத்துவிடும்.

பந்து வருவதற்கு முன்

ஏஎஃப்எல்லில் நிற்கிறவனுக்கும் தொலைந்துபோகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பந்து கைக்கு வருவதற்கு முன்பே சுற்றிலும் பார்த்துவிட்டவன், பிடித்த கணத்தில் அடுத்தது என்ன என்று தெரிந்து வைத்திருப்பான். பார்க்காதவன் பிடித்த பிறகு யோசிப்பான். வயதுப் போட்டியில் யோசிக்க ஒரு விநாடி கிடைக்கும். மேலே கிடைக்காது.

தலைத் திருப்பலை எண்ணுங்கள். எளிமையான முறைதான், ஆனால் நம்பத்தக்கது. பிறகு பந்து எப்படிக் கிடைக்கிறது என்று பிரித்து எழுதுங்கள்: மோதலில் தானே வென்றதா, காலி இடத்தில் நின்று வாங்கியதா, யாரோ தூக்கிக் கொடுத்ததா. காலி இடத்தில் வாங்குவது குறைவான விஷயம் இல்லை; சரியான காலி இடத்தைக் கண்டுபிடிப்பது தனித் திறமை. ஆனால் பந்து எப்போதும் தன் அணியிடம் இருக்கும்போது மட்டுமே கண்ணில் படுகிறவன் என்றால் அதை எழுதி வையுங்கள்.

சாம் மிட்செல் வேகமான வீரர் இல்லை. 2000 டிராஃப்ட்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. 2001இல் ஹாத்தார்ன் 36ஆவது தேர்வாக எடுத்தது. 2008இல் அந்த அணியின் தலைவராகக் கோப்பை வென்றார். லீக்கின் சிறந்த வீரருக்கான 2012 பிரவுன்லோ பதக்கமும் அவருக்குச் சேர்ந்தது. கால் வேகத்தின் குறையை இரண்டு விஷயம் ஈடுகட்டின: நெரிசலுக்குள் அவருடைய முடிவு வேகமாக வரும், இரு காலாலும் ஒரே தரத்தில் உதைப்பார். எந்தப் பக்கம் தள்ளினாலும் அவருக்குப் பிரச்சினை இல்லை. ஓட்டத்தின் வேகத்தையும் முடிவின் வேகத்தையும் நோட்டில் தனித்தனி வரியில் எழுதச் சொல்வது இதனால்தான்.

உதை: கையிலிருந்து காலுக்கு

உதை எங்கே போய் விழுந்தது என்று பார்ப்பதற்கு முன், பந்து கையிலிருந்து காலுக்கு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். இன்று ஆட்டத்தின் அடிப்படை உதை டிராப் பன்ட். வலக்கால்காரன் என்றால் இடக்கை முதலில் விலகும். வலக்கை பந்தை இடுப்பளவுக்குக் கொண்டுவந்து விடும். பந்து நேராகக் கீழிறங்கி, பாதத்தின் மேல் எலும்பில் பட்டு, பின்பக்கமாகச் சுழன்றபடி பறக்க வேண்டும்.

கோளாறுகள் பெரும்பாலும் மூன்று. பந்தை நெஞ்சுயரத்திலேயே விட்டுவிடுவது: காலுக்கு வருவதற்குள் சாயும், காற்றடித்தால் இன்னும் மோசம். பந்தை உடலுக்குக் குறுக்கே வீசி விடுவது: காலும் குறுக்கே வீசும், பந்து வளைந்து போகும். பின்பக்கம் சாய்ந்து உதைப்பது: பந்து உயர எழும்பி, அங்கேயே தங்கி, தடுப்பாட்டக்காரன் வந்து சேர நேரம் கொடுக்கும். இந்த மூன்றும் பயிற்சியில் திருந்தக்கூடியவை. முழு வேகத்தில் ஓடும்போது மட்டும் கோளாறு வருகிறதா, நின்று உதைக்கும்போதும் வருகிறதா என்று பிரித்துக் குறித்தால் பயிற்சியாளருக்குப் பெரிய உதவி.

திருத்தக் கடினமானது இலக்கைத் தேர்ந்தெடுப்பது. 20 மீட்டரில் பாதுகாப்பான ஆள் இருக்கிறான். 40 மீட்டரில், மைதானத்துக்குக் குறுக்கே, இன்னும் நல்ல ஆள் இருக்கிறான். இவன் இரண்டாமவனைப் பார்த்தானா? பார்த்துவிட்டுத் தவிர்த்தானா? பார்த்து உதைத்துத் தவறவிட்டானா? பார்த்து உதைத்துத் தவறவிட்டவனுக்கே நான் அதிக மதிப்பு கொடுப்பேன். பார்வை இருக்கிறது, கால் பிறகு வரும்.

முன்கள வீரனின் செட் ஷாட்டில் (நின்று நிதானமாகக் கோலுக்கு உதைப்பதில்) ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து அதே எண்ணிக்கை அடிகள் எடுக்கிறானா என்று எண்ணுங்கள். மாறிக்கொண்டே இருந்தால் உதை அழகாக இருந்தாலும் நம்ப முடியாது.

தரையும் வானமும்

தரைப் பந்தில் ஒரே கேள்வி: ஒரே பிடியில் வருகிறதா? முழங்கால் மடங்கி, கை பந்துக்குக் கீழே போனால் வரும். இடுப்பை மட்டும் வளைத்துக் கையை நீட்டுகிறவன் இரண்டாம் முறை தடவுவான். அதற்குள் டேக்கிள் விழும். மழை ஆட்டம் ஒன்று வேண்டும் என்றதற்குக் காரணம் இதுதான். உயரமான பையன்களையும் இதே கண்டிப்போடு பாருங்கள். இன்றைய ஆட்டத்தில் 195 சென்டிமீட்டர்காரனும் தரையில் பந்தை எடுத்தாக வேண்டும்.

உயரப் பந்தில், கையை நீட்டி உச்சியிலேயே பிடிக்கிறானா, நெஞ்சுக்கு வரும்வரை காத்திருக்கிறானா என்பதைக் கவனியுங்கள். நெஞ்சில் பிடிப்பதை எதிராளியின் கைமுட்டி கெடுத்துவிடும். அதற்கும் முன்னதாக, பந்து கிளம்பிய கணத்தில் சரியான இடத்தை நோக்கி நகரத் தொடங்குகிறானா? பந்தின் பாதையைக் கணிக்கும் இந்தத் திறமை கற்றுக்கொடுத்து வருவது மிகக் குறைவு. இது இருக்கும் பையன் உடல் மெலிந்திருந்தாலும் காத்திருக்கலாம்.

பந்து போன பிறகு

தன்னிடமிருந்து பந்து பறிபோனால் திரும்பித் துரத்துகிறானா? எத்தனை மீட்டர்? பிடிக்க முடியாது என்று தெரிந்தும் ஓடுகிறானா? டேக்கிள் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் இது தெரியாது. எதிராளியை அவசரப்படுத்தி மோசமான உதை உதைக்க வைத்தவனின் கணக்கில் டேக்கிள் ஏறாது.

கடைசிக் குவார்ட்டரின் நடுவில் ஐந்து நிமிடம் பந்தையே பார்க்காமல் அவன் கால்களை மட்டும் பாருங்கள். இடுப்பில் கை வைத்து நிற்கும் நேரம் எவ்வளவு, பந்து திசை மாறியதும் முதல் மூன்று அடி எவ்வளவு வேகம்? களைத்தபின்தான் பழக்கம் வெளியே வரும். பெரிய தவறு செய்த அடுத்த இரண்டு நிமிடத்தையும் குறிக்கவும். ஒளிந்துகொள்கிறவனும் உண்டு, உடனே பந்தைக் கேட்கிறவனும் உண்டு.

எண்களைப் படிப்பது

“28 டிஸ்போசல்” (உதையும் ஹேண்ட்பாலும் சேர்ந்த எண்ணிக்கை) என்ற ஒற்றை எண்ணுக்கு மதிப்பில்லை. பக்கத்து ஆளுக்குத் தட்டிக் கொடுத்த ஹேண்ட்பாலும், 50 மீட்டர் வளைவுக்குள் ஓடும் முன்களக்காரனின் கைக்குப் போன உதையும் அதில் ஒன்றுதான். அரைப் பின்களத்தில் ஆடுகிறவனுக்குப் பந்து பக்கவாட்டில் போய் வந்துகொண்டே இருக்கும். எண் தானாக ஏறும்.

டிஸ்போசல் திறன் விழுக்காடு இன்னும் ஏமாற்றும். 40 மீட்டருக்கு மேல் உதைத்து, இரு பக்கமும் சம வாய்ப்புள்ள மோதலில் பந்து விழுந்தாலே அதை வெற்றிகரமான உதையாகக் கணக்கெடுப்பது வழக்கம். குறுகிய உதை என்றால் சக வீரனைப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு நீளமாக உதைக்கிறவனுக்கு நல்ல விழுக்காடும், ஆபத்தான இடத்தில் துணிந்து நுணுக்கமாக உதைக்கிறவனுக்கு மோசமான விழுக்காடும் வரலாம்.

உதவுகிற எண்கள்: மோதலில் வென்ற பந்துகளின் பங்கு, கிளியரன்ஸ் (ஸ்டாப்பேஜிலிருந்து பந்தை வெளியே கொண்டுவருவது), குறுக்கிட்டுப் பிடித்த மார்க் (உதைத்த பந்தைத் தரையில் விழுமுன் பிடிப்பது), மோதலில் பிடித்த மார்க், கோல் அல்லது பிஹைண்டில் (ஒற்றைப் புள்ளியில்) முடிந்த ஆட்டச் சங்கிலிகளில் அவன் கை எத்தனை முறை இருந்தது என்பது. இவற்றையும் ஆடிய இடத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு வருடத்தின் முதல் ஐந்து ஆட்டத்தையும் கடைசி ஐந்து ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறுமுகம், அதுவும் தரம் உயர்ந்த எதிரணிகளோடு ஏறுமுகம் என்றால், சராசரி எண்ணை விட அது பெரிது.

கம்பைன் சோதனைகள்

அக்டோபரில் தேசியக் கம்பைன், அதாவது டிராஃப்ட்டுக்கு வருபவர்களுக்கான உடல்திறன் சோதனை. அதற்கு அழைக்கப்படாதவர்களுக்கு மாநில அளவில் தனியாக நடக்கும். 20 மீட்டர் ஓட்டத்தில் 3.0 விநாடியை ஒட்டி வந்தால் நடுத்தரம், 2.9க்குக் கீழே வந்தால் நிஜமான வேகம். 2 கிலோமீட்டரை 6 நிமிடத்துக்குள் அல்லது அதை ஒட்டி முடிப்பவன் சிறந்த ஓட்டக்காரன். 6 நிமிடம் 30 விநாடி சாதாரணம். வளைந்து ஓடும் சுறுசுறுப்புச் சோதனையில் 8.3 விநாடிக்குக் கீழே நல்லது. நின்ற இடத்திலிருந்து குதிப்பது, ஓடிவந்து ஒரு காலில் குதிப்பது என்று தாண்டல் இரண்டு விதம். ரக் வீரனுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

இந்த எண்களை நீங்கள் ஏற்கெனவே கண்டதைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். மைதானத்தில் வேகமில்லாதவனாகத் தெரிந்தவன் 2.88 ஓடினால் ஒரு கேள்வி எழும்: ஆட்டத்தில் ஏன் அந்த வேகம் வரவில்லை? தயங்குகிறானா, காயத்தோடு ஆடினானா? திரும்பப் போய்க் காணொளி பார்க்க வேண்டும். கம்பைனில் கிடைக்கும் மிகப் பயனுள்ள ஒன்று செருப்பில்லாமல் அளந்த உயரம். ஆட்டப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் உயரத்தில் ஓரிரு சென்டிமீட்டர் கூட்டியிருப்பது சகஜம்.

உயரத்தைக் கொண்டு ஆளைத் தள்ளிவிடவும் கூடாது. கேலப் டேனியல் 168 சென்டிமீட்டர். 2014இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 46ஆவது தேர்வாக எடுத்தது. 2016 கோப்பை அணியில் இருந்தார். 2020இல் ஆல்-ஆஸ்திரேலியன் ஆனார், அதாவது ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட அணியில் இடம் பிடித்தார். லாக்கி நீல் 177 சென்டிமீட்டர், 2011இல் 58ஆவது தேர்வு. 2020, 2023 ஆண்டுகளில் இரண்டு பிரவுன்லோ. இருவரிடமும் உயரத்துக்குப் பதிலாக என்ன இருந்தது என்று கேட்டால் மறுபடியும் பார்வை, முடிவு, சுத்தமான கை என்றுதான் வந்து நிற்கும்.

இடத்துக்கு இடம் மாறும் பொறுமை

மிட்ஃபீல்டரும் சிறிய முன்களக்காரனும் சீக்கிரம் தெரிந்துவிடுவார்கள். 193 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட முக்கிய முன்கள, பின்கள வீரர்களுக்கு மூன்று, நான்கு வருடம் கொடுக்க வேண்டும். 200 சென்டிமீட்டரைத் தாண்டும் ரக் வீரர்களுக்கு இன்னும் அதிகம். மாக்ஸ் கான் 2009இல் 34ஆவது தேர்வு. முதல் ஆல்-ஆஸ்திரேலியன் 2016இல்தான். மெல்போர்ன் அணித் தலைவராகக் கோப்பை 2021இல். 18 வயது ரக் வீரனை இன்று எத்தனை தட்டல் வென்றான் என்று மதிப்பிடுவது வீண். ஓட்டம், கை சுத்தம், இரண்டாம் முறை குதிக்கும் வேகம் இவற்றைப் பாருங்கள்.

காயமும் குணமும்

தோள், முழங்கால் முன் சிலுவைத் தசைநார், பின்தொடை, முதுகெலும்பு அழுத்த முறிவு, தலை அதிர்வு. இந்த ஐந்தின் வரலாற்றையும் கேட்க வேண்டும். ஒரே காயம் திரும்பத் திரும்ப வருகிறதா, வெவ்வேறு விபத்துகளா என்பது முக்கியம். 2001 டிராஃப்ட்டுக்கு முன் கிறிஸ் ஜட்டின் தோள்களைப் பற்றிக் கவலை இருந்தது. லூக் ஹாட்ஜ், லூக் பால் இருவருக்கும் பின் மூன்றாவதாக வெஸ்ட் கோஸ்ட் அவரை எடுத்தது. 2004, 2010 இரண்டிலும் பிரவுன்லோ அவருக்கு. கிளப் மருத்துவர்கள் செய்ய வேண்டிய முடிவை நீங்கள் செய்யாதீர்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பையனின் மருத்துவத் தகவல் உங்கள் கைக்கு வந்தால் வெளியே பகிரவே கூடாது.

குணத்தைப் பற்றி பையனிடமே கேட்டால் தயார்செய்த பதில்தான் வரும். பயிற்சியாளர், உடற்பயிற்சியாளர், ஆசிரியர் ஆகியோரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். வயது 18 ஆகாதவனென்றால் பெற்றோருக்குத் தெரிந்தே பேசுங்கள். பையனிடம் ஒரே ஒரு காட்சியைச் சொல்லி, “அப்போது ஏன் அப்படி உதைத்தாய், வேறென்ன தெரிந்தது?” என்று கேளுங்கள். நல்ல ஆட்டக்காரனுக்குக் காட்சி முழுதும் நினைவிருக்கும்; யார் எங்கே நின்றார்கள் என்று விரல் நீட்டிச் சொல்வான்.

சொந்த ஊரை விட்டு வேறு மாநிலம் போகத் தயாரா என்பதும் நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி. அடிலெய்டிலிருந்தோ பெர்த்திலிருந்தோ 18 வயதில் தனியாகக் கிளம்புவது லேசான காரியம் அல்ல. மேலே சொன்ன ஹார்ன்-ஃபிரான்சிஸ் நார்த் மெல்போர்னில் ஒரு பருவம் ஆடி, 2022 இறுதியில் போர்ட் அடிலெய்டுக்கு மாறினார்.

யாருக்கு முன்னுரிமை

அப்பா ஒரு கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் அந்தக் கிளப்புக்கு மகன்மேல் முன்னுரிமை உண்டு. 2021இல் நான்காவது தேர்வாகக் காலிங்வுட்டுக்குப் போன நிக் டெய்கோஸ் அப்படி வந்தவர். சிட்னி, ஜிடபிள்யூஎஸ், பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் கிளப்புகளுக்குத் தங்கள் பகுதியில் அகாடமி இருக்கிறது. மற்ற கிளப்புகளின் நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி, பூர்வகுடிப் பையன்களுக்கும் ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் திறந்தது. மெல்போர்னில் ஃபூட்டி ஆடும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் இதை உள்ளூர்க் கிளப்பில் 12, 13 வயதிலேயே கேட்டு வைப்பது நல்லது. வேறு கிளப் அவன் பெயரைச் சொன்னால், முன்னுரிமைக் கிளப் தன் தேர்வுகளின் புள்ளிகளைக் கொடுத்து ஈடுசெய்ய வேண்டும். ஆகவே இத்தகைய பையன் எந்த எண்ணில் போனான் என்பதை அவன் தரத்தின் துல்லியமான அளவாக எடுக்க முடியாது.

கடைசி அறிக்கை

ஒரு பக்கம் போதும். மேலே பிறந்த மாதம், அளந்த உயரம், ஆடிய போட்டிகள், நீங்கள் பார்த்த ஆட்டங்களின் தேதி. அடுத்து, பெரியவர்களின் ஆட்டத்திலும் செல்லுபடியாகும் என்று நினைக்கும் இரண்டு பலம். பயிற்சியில் திருந்தும் குறைகள் ஒரு வரி, திருந்தாத குறைகள் தனி வரி. அதன்பின் “இவன் 100 ஆட்டம் ஆட வேண்டுமானால் எது நடந்தாக வேண்டும்?” என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில். “எட்டு கிலோ ஏற வேண்டும், அதற்குப் பிறகும் 2 கிலோமீட்டர் நேரம் கெடக் கூடாது” என்பது மாதிரி.

தேர்வு எண்ணை ஒற்றையாகச் சொல்லாதீர்கள். “8இலிருந்து 15க்குள்” என்று வரம்பாகச் சொல்லுங்கள். புகழ்பெற்ற வீரரோடு ஒப்பிட்டு எழுதுவதைத் தவிர்க்கவும். அந்தப் பெயர் வந்ததும் படிப்பவர் பையனைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

டிராஃப்ட்டுக்கு முந்தைய நாள் அறிக்கையில் தேதியிட்டு மூடிவையுங்கள். பிறகு ஒரு எழுத்தும் மாற்றாதீர்கள். மிட்ஃபீல்டர்களை மூன்று வருடம் கழித்தும், ரக் வீரர்களை ஆறு வருடம் கழித்தும் எடுத்துப் பார்த்து, தவறிய ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: பார்த்தும் மதிப்பைக் குறைத்தேனா, பார்க்கவே இல்லையா, காயமா. இரண்டாவது காரணம் அடிக்கடி வந்தால் அடுத்த வருடம் பையன் ஒருவனுக்கு நான்கு ஆட்டம் போதாது, ஆறு பாருங்கள்.